டிரம் கோர் ரொம்ப வருஷமா பாக்கறவங்க வாங்க: மைக்கும் சின்த்தும் வந்தப்புறம் உங்களுக்கு எப்படி இருக்கு?

சைடுடிரம் தருமபுரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்கற கேள்வி, இங்க கேட்டுடறேன். நான் தருமபுரிதான், ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் ஸ்கூல் பேண்ட்ல சைடு டிரம் அடிச்சவன். காலேஜ் படிக்கறப்ப நாலு ரோடு பக்கத்துல ஒரு ப்ரவுசிங் சென்டர்ல உக்காந்து என்னமோ தேடறப்பதான் இந்த அமெரிக்கா டிரம் கோர் வீடியோ மொதல்ல கண்ணுல பட்டுது. நின்னு நின்னுதான் லோட் ஆச்சு, 11 நிமிஷ ஷோவ பாக்க முக்கா மணி நேரம் ஆயிருச்சு, ஆனா எந்திரிக்க மனசே வரல. ஒரு ஃபுட்பால் கிரவுண்டு முழுக்க பசங்க, ஒருத்தருக்கும் 21 வயசு தாண்டல, கையில பித்தளையும் டிரம்மும் கொடியும்தான், ஊதிக்கிட்டே அடிச்சுக்கிட்டே ஓடறாங்க, கோடு கொஞ்சம் கூட கலையல. கடைசில அத்தனை பேரும் ஸ்டாண்டு பக்கம் திரும்பி ஒரே நேரத்துல ஊதுனாங்க பாருங்க, அந்த ஓட்ட ஹெட்போன்லயே எனக்கு முடி நட்டுக்கிச்சு.

அன்னைல இருந்து பழைய 80, 90 வீடியோல இருந்து இந்த வருஷ ஷோ வரைக்கும் ஒண்ணு விடறதில்ல. இப்ப என் பிரச்சனை என்னன்னா, இந்த கோருங்க போட்டி ரூல்ல 2004ல மைக் வைக்கலாம்னாங்க, 2009ல சின்தசைசர் மாதிரி எலக்ட்ரானிக் வாத்தியமும் வைக்கலாம்னாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எனக்கு அந்த முடி நட்டுக்கற விஷயம் நின்னு போச்சு. பல சுரம் சேத்து எல்லாரும் பெருசா ஊதற எடத்துல எல்லாம் அடியில ஸ்பீக்கர்ல இருந்து ஒரு பேஸ் "தொம்ம்ம்"னு வந்து மொத்தத்தையும் மூடிடுது, அங்கத்த ரசிகர்களே அந்த சத்தத்துக்கு கூழு கணக்கா ஒரு பேரு வச்சிருக்காங்க. சோலோ ஊதற பையன் மைக் கிட்ட ஓடி வந்து நிக்கறான். நடுவுல யாரோ கதை சொல்றாங்க. கிரவுண்டு பூரா மேடை, சரிவுப் பலகை, அதுமேல ஏறி படுத்து உருண்டு எல்லாம் பண்றாங்க, இறகு வச்ச தொப்பிய பாதி பேரு விட்டுட்டாங்க.

பசங்க திறமைல கொற சொல்லல, சத்தியமா இப்ப இருக்கற பசங்க வாசிக்கறது பழைய ஆளுங்களால நெனச்சே பாக்க முடியாது. ஆனா ஒரு மனுசன் மூச்சு அந்த தூரம் போகுதேங்கறதுலதான் எனக்கு சிலிர்ப்பே. ஸ்பீக்கர் போனா அதுல என்ன இருக்கு? எனக்கு வயசாயிருச்சா, இல்ல நெசமாவே எதையோ தொலைச்சுட்டாங்களா? நம்ம ஊரு மேளம், பம்பை கேக்கறவங்களும் சொல்லுங்க, உங்களுக்கும் இப்படி தோணிருக்கா.

---

ஓசூர் ஷிப்ட்:

அண்ணா வணக்கம், நான் உங்களுக்கு நேர் எதிர் பார்ட்டி. நான் உள்ள வந்ததே ப்ளூகோட்ஸ்ங்கற கோரோட 2014 ஷோவால. கம்பெனி பஸ்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப ஃபிரண்டு ஒருத்தன் காட்டுனான். கடைசில பித்தளை ஊதற மொத்த ஹார்ன் லைனும் எலக்ட்ரானிக்ஸும் சேந்து சுருதிய அப்படியே வழுக்கிக்கிட்டு போவாங்க, ஒரு சத்தம் சாயறத காதால பாக்கற மாதிரி இருக்கும். அது பழைய ரூல்ல வராது. அந்த வருஷம் ரெண்டாவது எடம்தான், 2016லதான் மொத டைட்டில் அடிச்சாங்க, ஆனா எனக்கு 14தான்.

இன்னொண்ணு, எல்லாரும் மைக் வந்தது சத்தத்துக்குன்னு நெனைக்கறீங்க. முன்னாடி பக்கவாட்டு கோட்டுக்கிட்ட மாரிம்பா வாசிக்கறவங்க நெலமைய யோசிச்சு பாருங்க. மரக்கட்டை வாத்தியம், எதுர்ல ஸ்டேடியம், பின்னாடி அத்தனை பித்தளை. கேக்கணும்னா கல்லு மாதிரி மேலட் (அடிக்கற குச்சி) எடுத்து ஓங்கி ஓங்கி அடிக்கணும், அடிச்சா அந்த கட்டையோட இனிப்பு போயி டக்கு டக்குனு ஓடு தட்டற சத்தம்தான் வரும். மைக் வந்தப்புறம்தான் நூல் சுத்துன சாஃப்ட் மேலட்ல மெல்லமா வாசிக்க முடிஞ்சுது. பழைய 90 வீடியோ ஒண்ணையும் இப்பத்த வீடியோ ஒண்ணையும் மாரிம்பாவ மட்டும் காதுல வச்சு கேட்டு பாருங்க அண்ணா, அப்புறம் சொல்லுங்க.

தொப்பி போனதுல எனக்கு வருத்தம் இல்ல. ஓடறப்ப மொகம் தெரியுது.

---

பம்பைவீட்டுப் புள்ள:

எனக்கு உங்க டிரம் கோர் பத்தி அவ்ளோ தெரியாது, நீங்க போட்டத படிச்சிட்டு ரெண்டு வீடியோ பாத்தேன், நல்லாத்தான் இருக்குது. நாங்க பென்னாகரம் பக்கம், அப்பா பம்பை, சித்தப்பா உடுக்கை, நான் சிலம்பு ஆட்டிக்கினு கூட போவேன். நீங்க கடைசில கேட்டதுக்கு மட்டும் சொல்றேன்.

அப்பாகிட்ட இருக்கற பம்பை தாத்தா வச்சிருந்தது, ஒண்ணு மரம் ஒண்ணு பித்தளை, ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு கட்டி இடுப்புல மாட்டுவாரு, ஆட்டுத்தோலு. பனில தோலு தொய்ஞ்சிரும். மாசி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு சாமி கெளம்பறதுக்கு முன்னாடி வைக்கோலு கொளுத்தி அதுகிட்ட காட்டுவாரு, ரொம்ப கிட்ட போனா கருகிரும், தள்ளி புடிச்சா ஏறாது, வெரலால தட்டி தட்டி பாத்துக்கினே இருப்பாரு, ஒரு எடத்துல சத்தம் திறந்துக்கும், அப்ப என்னை பாத்து தலைய ஆட்டுவாரு. அந்த தலை ஆட்டறதுக்குதான் நான் சின்ன வயசுல தூங்காம கெடப்பேன். இப்ப நான் வச்சிருக்கறது ஃபைபர் தோலு. மழை வந்தாலும் பனி வந்தாலும் ஒரே மாதிரி இருக்குது, நட்ட முறுக்குனா போதும். ஒரே சீசன்ல எட்டு பத்து ஊரு போறவனுக்கு அது வேணும்ங்க, தோலு கிழிஞ்சா அன்னைக்கு கூலி போச்சு. அதனால ஃபைபர திட்டறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும், ஆனா அப்பா தட்டறப்ப வர்ற அந்த அடிச்சத்தம் என்னுதுல வராது, அதையும் ஒத்துக்கறேன்.

போன வருஷம் ஒரு ஊருல திருவிழா கமிட்டில எங்களையும் கூப்புட்டுட்டு பின்னாடியே வண்டில கீபோர்டு, பேடு, எட்டு பாக்ஸு வச்சாங்க. ராத்திரி பூரா அப்பா அடிச்சது அவருக்கே கேக்கல. கேக்காதப்ப கை தானா வேகமா போவும், தோளு எறங்கிருச்சு, காலைல சட்டைய கழட்டவே என்னை கூப்புட்டாரு. காசு முழுசா குடுத்தாங்க, அதுல ஒண்ணும் கொற இல்ல. நீங்க மூச்சுன்னு எழுதிருக்கீங்களே அண்ணா, எனக்கு அது புரிஞ்சுது.

---

பழைய ட்ரம்பெட்:

தம்பிங்களா, நான் காவேரிப்பட்டணம், வயசு அறுபத்தி மூணு, முப்பது வருஷத்துக்கு மேல பேண்டு செட்ல ட்ரம்பெட் ஊதுனவன். கல்யாணம், சாவு, சாமி ஊர்வலம், எலக்சன் எல்லாத்துக்கும் ஊதிருக்கேன். பொண்ணு போன்ல போட்டு குடுத்துதான் இந்த டிரம் கோர் பாக்க ஆரம்பிச்சேன், இப்ப எனக்கு வேற பொழுதுபோக்கே இல்ல, அதனால தெரிஞ்சத சொல்றேன்.

சைடு டிரம் தம்பி, பழசு பழசுன்னு எந்த பழச சொல்ற? இவங்க எல்லாம் மொதல்ல சண்டைக்கு போயிட்டு வந்த சிப்பாய்ங்களோட சங்கம் நடத்துன போட்டிலதான் வாசிச்சாங்க, அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூன்னு. அவங்க வச்ச ரூலு புடிக்காமதான் கோருங்க தனியா கெளம்பி 1972ல விஸ்கான்சின்ல வொயிட்வாட்டர்ங்கற ஊருல மொத சாம்பியன்ஷிப்ப நடத்துனாங்க, அனஹைம் கிங்ஸ்மென் ஜெயிச்சாங்க. அன்னைக்கே அதெல்லாம் பழைய ஆளுங்களுக்கு ஆவாத வேலைதான். டிரம்ல கன்னுக்குட்டி தோலு போயி 50கள் கடைசில பிளாஸ்டிக்கு வந்துது, அப்புறம் 80கள் கடைசில குண்டு துளைக்காத சட்டைக்கு போடற கெவ்லார்ல தோலு வந்துது, அத முறுக்குனாங்க முறுக்குனாங்க, கருங்கல்லு மேல அடிக்கற மாதிரி ஆயிருச்சு. நீ சிலிர்த்துப் போயி பாத்த 90 வீடியோல இருக்கறதே அந்த கெவ்லார்தான். 70ல வாசிச்சவன கேட்டா டிரம்மு செத்ததே அப்பத்தான்ம்பான். டிம்பனின்னு அண்டா மாதிரி பெரிய டிரம்மு, அத ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்கினு நடந்தாங்க ஒரு காலத்துல, 80 தொடக்கத்துல அத கீழ எறக்கி வைக்க விட்டாங்க, அதுக்கும் திட்டுதான். பம்பை வீட்டு தம்பி சொன்ன ஃபைபரு கதைதான் அங்கயும்.

ஆனா எனக்கும் ஒரு வலி இருக்குது, மைக் இல்ல அது. 2000ல எந்த சுருதி ஹார்ன் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டாங்களே, அதுதான். அதுக்கு முன்னாடி எல்லாமே ஜி சுருதி பியூகிலு. மொதல்ல வால்வே கெடையாது, நம்ம ஸ்கூல் பேண்டுல இருக்கும்ல அந்த மாதிரி, அப்புறம் ஒரு வால்வு, 77ல ரெண்டு, 90ல மூணு. சுருதி சேக்கறது கஷ்டம், ஊதறவன் உதட்டாலயே இழுத்து புடிக்கணும். ஆனா அத்தனை ஜி பியூகிலும் ஒண்ணா ஊதறப்ப ஒரு சத்தம் வரும், கொஞ்சம் கரடா, வெளிச்சமா, வெயில்ல பித்தள அண்டாவ கவுத்து வச்ச மாதிரி. இப்ப சுத்தமா இருக்குது, வழுவழுன்னு இருக்குது, எந்த நல்ல பேண்டும் அப்படி ஊதும். சாவு ஊர்வலத்துல வெடியும் அழுவையும் தாண்டி ஊதுனவனுக்கு அந்த கரடு சத்தம் என்னன்னு தெரியும். நீ போய் மைக்க திட்டிக்கினு இருக்கிற.

---

மாங்கா தோப்பு:

2014ல ட்ராம்போனும் விட்டாச்சு. அடுத்து கிளாரினெட் சாக்ஸபோன விட்டா நான் பாக்கறத நிறுத்திருவேன், இதுவரைக்கும் விடல, அது போதும் எனக்கு. ஒரு கோருக்கு ஆளு கணக்கும் 128ல இருந்து 150ஐ தாண்டிருச்சு, பஸ்ஸு டீசலு சாப்பாடு எல்லாம் அந்த பசங்க கட்டற காசுலதான், ஒரு சம்மருக்கு ஆயிரக்கணக்கான டாலர். மேடையும் ஸ்பீக்கரும் ஏத்தற லாரிக்கு யாரு குடுப்பா? சின்ன கோருங்க அதுலயே அடிபட்டு போகுது. என் வருத்தம் அதுலதான்.

---

ஒஹாயோ கிருஷ்ணகிரி:

சொந்த ஊரு கிருஷ்ணகிரி, இப்ப ஒஹாயோல வேல. ஃபைனல்ஸ நேர்லயே பாத்திருக்கேன், இண்டியானாபொலிஸ்ல லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், கூரை போட்டது. உள்ள ஸ்பீக்கர் பேஸ் வந்தா சீட்டு அதிருது, நெஞ்சுல குத்துது, அண்ணன் சொல்றது நெஜம், சில எடத்துல ட்யூபா, அதான் அடி சுரம் ஊதற பெரிய பித்தளை, அத ஊதறவங்க பாவமா இருக்கும், ஊதறது அவங்கன்னே தெரியாது. எலக்ட்ரானிக்ஸ நல்லா யூஸ் பண்ற கோரும் இருக்கு, அங்க அது தனியாவே தெரியாது.

ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். ஷோவுக்கு முன்னாடி வெளிய பார்க்கிங்ல போய் நில்லுங்க. ஒவ்வொரு டிரம் லைனும் வந்து வளைவா நின்னு வார்ம் அப் பண்ணுவாங்க. மைக் கெடையாது, மேடை கெடையாது, தாரு ரோடு, ஆகஸ்ட் வெயிலு, சுத்தி ஜனங்க நாலு வரிசையா. நான் ஒரு ஸ்னேர் (சைடு டிரம்) வாசிக்கற பையனுக்கு ஆறடி தள்ளி நின்னேன். கண்ணு எங்கயோ பாக்குது, மணிக்கட்டு மட்டும் போகுது, ஒன்பது பேர் குச்சியும் ஒரே உயரம், ஒரே அடியா விழுது. மெல்லமா வாசிக்கறப்ப குச்சி நுனி தோல தொடறதுக்கு முன்னாடி அவங்க மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. என் பக்கத்துல எழுபது வயசு இருக்கும் ஒருத்தருக்கு, பழைய கோர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு கண்ண மூடிட்டு நின்னாரு. லைன் கெளம்பி போனதும் அவரு ஸ்டேடியத்துக்குள்ள போகல, அடுத்த லைன் வர்ற எடத்துக்கு நடந்து போயிட்டாரு.

---

சைடுடிரம் தருமபுரி:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி பூரா இதத்தான் படிச்சிட்டு இருந்தேன்.

ஓசூர் தம்பி, நீ சொன்னபடி மாரிம்பாவ மட்டும் புடிச்சு கேட்டேன். நீ சொன்னது சரி, பழசுல ஓடு தட்டற மாதிரிதான் இருக்கு, இவ்ளோ வருஷமா அத கவனிக்கவே இல்ல. மாரிம்பா மைக்க இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த பேஸு விஷயத்துல மட்டும் மாற மாட்டேன்.

ட்ரம்பெட் ஐயா, கெவ்லார் பத்தி நீங்க சொன்னது உறைச்சுது. ஸ்கூல்ல நான் அடிச்ச டிரம்மும் பிளாஸ்டிக்குதான், அதோட சத்தம்தான் எனக்கு டிரம்மு சத்தம்.

ஒஹாயோ அண்ணன் சொன்ன பார்க்கிங் வீடியோல நாலஞ்சு இப்பதான் பாத்தேன், மறுபடி முடி நட்டுக்கிச்சு. நீங்க எடுத்தது இருந்தா போடுங்க.

பம்பை வீட்டு தம்பி, அப்பா தோளு இப்ப எப்படி இருக்கு? மயானக்கொள்ளைக்கு காவேரிப்பட்டணம் வருவீங்களா? வந்தா எந்த தெருவுல நிப்பீங்கன்னு மட்டும் முன்னாடி நாள் இங்க சொல்லுங்க. சாமி கெளம்பறதுக்கு முன்னாடி அப்பா தோலு காய வைக்கறப்பவே வந்துடறேன்.