மெக்ரிட்சி, செஸ்ட்நட், உபின்: தனி நடையா, துணையோடா?

செங்காங் செம்பருத்தி

வணக்கம். எனக்குச் சிங்கப்பூரில் முறை வேலை. ஓய்வு பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதனில் வரும். தோழிகளுக்கோ ஞாயிறு மட்டும். காட்டு நடை என்றால் ஒன்று தனியாகப் போக வேண்டும், இல்லையென்றால் போகாமலே இருக்க வேண்டும். "காட்டுக்குள்ள ஒத்தையில போறாளாம்" என்று வீட்டில் ஒரே பாட்டு.

மனத்தில் இருப்பவை: மெக்ரிட்சி நீர்த்தேக்கச் சுற்று, ட்ரீடாப் வாக் தொங்கு பாலத்தோடு சேர்த்து 11 கிலோமீட்டர், செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா, புலாவ் உபின் தீவு. உடம்பு பழகியபின் மலேசியாவில் ஜோகூர்ப் பக்கம் குனோங் லேடாங் மலை. இவற்றில் எது தனியாளுக்குச் சரி, எதற்குத் துணை கட்டாயம்? "பார்த்துப் போங்க" என்பதற்கு மேல், எங்கே தப்பு நடக்கும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

குன்றுநடை

எந்தக் காடு என்பதை விட, என்ன வந்தால் உங்களால் தனியே சமாளிக்க முடியும் என்று பாருங்கள். கணுக்கால் பிசகினாலும், கிளைப்பாதையில் தவறித் திரும்பினாலும், மழையில் மாட்டிக்கொண்டாலும் புத்தி உங்களிடமே இருக்கிறது. உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கைப்பேசியை எடுத்து அழைக்கலாம். இதற்கெல்லாம் துணை இருந்தால் ஆறுதல், அவ்வளவுதான். புத்தியையே பறித்துக்கொள்ளும் தொல்லைகள் சில உண்டு. இரண்டாவது ஆள் வேண்டியது அவற்றுக்குத்தான்.

நம் ஊரில் அவற்றில் முதலில் நிற்பது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. தனக்கு ஒன்றுமில்லை என்று அந்த ஆள் சத்தியம் செய்வார், எதிர்த்திசையில் விறுவிறுவென்று நடப்பார். கூட வருபவருக்குத்தான் தெரியும்: பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது, காரணமில்லாமல் எரிச்சல், சமதளத்தில் தள்ளாட்டம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். உடற்பயிற்சியால் வரும் வகையில் சட்டை சொட்டச் சொட்ட வியர்வை இருக்கும்போதே ஆள் விழலாம்.

"காட்டுக்குள் நிழல்தானே" என்று ஏமாறவும் வேண்டாம். மர மூட்டத்துக்குக் கீழே காற்று அசையாது, ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். ஆவியாகும் வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் தாகம்தான் மிச்சம்.

துணைக்கு வந்தவர் செய்ய வேண்டியது: நிழலில் படுக்க வைத்து, காலணியையும் வெளிச்சட்டையையும் கழற்றி, இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. ஆம்புலன்ஸ் எண் 995ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே இவை நடக்கட்டும். குழறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இதே வரிசையில் வருபவை: குளவி கொட்டி ஒவ்வாமையில் மூச்சு அடைப்பது, மாரடைப்பு, தலையில் அடி. இதய நோய், வலிப்பு, கடும் ஒவ்வாமை, இன்சுலின் ஊசி இவற்றில் ஏதாவது இருந்தால் மெக்ரிட்சிக்குக்கூடத் தனியாக வேண்டாம் என்பேன். இல்லாவிட்டால், தனி நடை என்பது வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

டபிள்யூபிஜிடி எனப்படும் வெப்ப அழுத்த அளவை மைஇஎன்வி (myENV) செயலியில் பாருங்கள். சாதாரண வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். தனியாள் 31லேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், 33 என்றால் அருகிலுள்ள வாசல் வழியே வெளியேற வேண்டும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. 11 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் வைத்தால் 2 லிட்டர். உப்புச் சத்துக்கு ஒரு பொட்டலம் ஓஆர்எஸ், இல்லையென்றால் ஹண்ட்ரட் ப்ளஸ் பானம். பயந்துகொண்டு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் மயக்கத்தில்தான் கொண்டுபோய் விடும்.

உங்கள் செவ்வாய், புதன் ஓய்வு ஒரு வசதி. ட்ரீடாப் வாக் திங்கட்கிழமை மூடல், பொது விடுமுறையாக இருந்தால் ஒழிய. செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரை. நீர்த்தேக்கப் பூங்காவில் 7.30க்குக் கிளம்பினால் பாலம் திறக்கும் நேரத்தை ஒட்டிப் போய்ச் சேரலாம். அருகிலுள்ள வனக்காவலர் நிலையத்தில் குடிநீர் உண்டு, அங்கே புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். 250 மீட்டர் தொங்கு பாலம் ஒருவழிப் பாதை. ஏறிவிட்டால் திரும்ப முடியாது, இறங்கியதும் படிக்கட்டுகள் காத்திருக்கும். தலை சுற்றுகிறதா இல்லையா என்று பாலத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி

நம் ஊரின் உயரமான குன்று புக்கிட் தீமா, அதன் உச்சியே 163 மீட்டர்தான். எங்கே நின்றாலும் ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு விரைவுச்சாலை வந்துவிடும். இதற்கு இத்தனை ஆயத்தமா? இமயமலை ரேஞ்சுக்குப் பேசுகிறீர்களே.

குன்றுநடை

வெப்பத்துக்கு உயரம் தெரியாது. விரைவுச்சாலைச் சத்தம் கேட்கிறது என்று பாதையை விட்டு நேர்க்கோட்டில் இறங்குகிறவர்கள்தான் பிரம்பு முள்ளிலும் சேற்றிலும் சிக்குகிறார்கள். இயற்கை வனப்பகுதியில் பாதையை விட்டு விலகுவது குற்றமும்கூட. மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதிப் பக்கம் ராணுவப் பயிற்சி நிலம் வேறு இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் குறுக்குவழி யோசனையை அங்கேயே விடுங்கள்.

தோ பாயோ அக்கா

தங்கச்சி, வீட்டுப் பாட்டை நிறுத்த ஒரே வழி, வீட்டாரையே துணையாக்குவது. கிளம்புமுன் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: எந்த வாசலில் நுழைகிறேன், எந்தப் பாதை, எந்த வாசலில் வெளியேறுவேன், எத்தனை மணிக்கு. அதோடு இன்னொரு நேரமும் வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "12 மணிக்கு வெளியே வருவேன். 1 மணி வரை செய்தி இல்லையென்றால் என்னை அழை. 1.30 வரை பதில் இல்லையென்றால் போலீஸ், 999." நேரம் குறிக்காமல் "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னால், எப்போது பயப்படுவது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஒன்று பத்தாவது நிமிடத்திலேயே பயப்படுவார், இல்லாவிட்டால் இருட்டியபின் பயப்படுவார். வெளியே வந்ததும் சொல்ல மறக்காதீர்கள். இரண்டு தடவை மறந்தால் மூன்றாவது தடவை யாரும் தேட மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் பகிரலாம். சமிக்ஞை பலவீனமான இடத்தில் கைப்பேசி கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தின்றுவிடும், ஆகவே பவர் பேங்க் கட்டாயம். வியர்த்த விரலுக்குத் திரை வேலை செய்யாது. திரையைத் தொடாமல் பொத்தானை அழுத்தியே அவசர அழைப்பு போகும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. உங்களுடையதில் எந்தப் பொத்தான் என்று வீட்டில் வைத்தே பாருங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, உறவினர் எண் மூன்றையும் பூட்டுத் திரையில் தெரியும்படி பதிந்துவையுங்கள்.

995இல் "மெக்ரிட்சியில் இருக்கேன்" என்றால் போதாது. வரைபடச் செயலியில் நீலப்புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். சிங்கப்பூருக்குள் எங்கே நின்றாலும் ஒன்று 1இலும் மற்றது 103இலும், கிழக்குக் கோடியென்றால் 104இலும் தொடங்கும். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை படித்துச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர் துல்லியம் கிடைக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் வழிகாட்டிப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டே போங்கள். குழம்பினால் கடைசிப் படம் எடுத்த இடத்துக்குத் திரும்புங்கள், முன்னேற வேண்டாம்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒன்று. வார நாள் காலை 7 முதல் 10 வரை மெக்ரிட்சியில் ஓட்டக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் இருந்துகொண்டே இருப்பார்கள். ஆள் நடமாட்டம் குறைவது பிற்பகல் 3க்கு மேல். சூரியன் ஆண்டு முழுதும் 6.50க்கும் 7.20க்கும் இடையில் மறைகிறது, ஆனால் மர மூட்டத்துக்குள் 6.30க்கே கால்வைக்கும் வேர் தெரியாது. தலைவிளக்கு பகலிலும் பையில் இருக்கட்டும். காதில் இசை என்றால் ஒரு காதில் மட்டும். செஸ்ட்நட்டில் நடப்பவர்க்கும் மலைச் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை உண்டு, ஆனாலும் குறுக்கிடும் இடங்களில் சைக்கிள் வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும்.

குரங்கு: பிளாஸ்டிக் பை சரசரத்தால் அதற்கு அது சாப்பாடு. எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு மூடுங்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், பின்வாங்கி நடங்கள். உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். காட்டுப்பன்றி குட்டியோடு நின்றால் குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய்விடாதீர்கள், அவ்வளவு போதும்.

உபின்காரன்

துணை என்றாலே பாதுகாப்பு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். கூட்டம் கொண்டுவரும் தொல்லையும் தனி ரகம். பத்துப் பேர் போனால் வேகமான மூவர் முன்னே போய்விடுவார்கள், மெதுவானவர் கடைசியில் இழுத்துக்கொண்டு வருவார். அவருக்கு ஓய்வே கிடைக்காது, ஏனென்றால் அவர் வந்து சேரும் நேரம்தான் மற்றவர்கள் உட்கார்ந்து எழும் நேரம். ஹீட் ஸ்ட்ரோக் அவரைத்தான் பிடிக்கும், அதுவும் யாரும் பார்க்காத வளைவில். ஆக பத்துப் பேரோடு வந்தும் அவர் தனியாள்.

அதனால் மெதுவானவர் முன்னால், பழக்கமுள்ளவர் கடைசியில். சந்திப்பு வந்தால் கடைசி ஆள் வரும்வரை யாரும் திரும்பக்கூடாது. வந்தவருக்கும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்துப் பிறகு கிளம்ப வேண்டும்.

குளவிக் கூட்டிலும் இப்படித்தான். முன்னால் போகிறவரின் காலடி அதிர்வு கூட்டைக் கிளப்பும், கொட்டு வாங்குவது பின்னால் வருகிறவர். "குளவி!" என்று குரல் வந்தால் அடித்து விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே ஐம்பது மீட்டராவது ஓடுங்கள். இடிமழையில் கூட்டமாக ஒரே மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவென்றால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உயர்ந்த மரத்தை விட்டு விலகி, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நில்லுங்கள், ஒரே அடியில் எல்லோரும் விழாமல் இருக்க. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் சுமத்ரா காற்றுமழை வரும், அது ஓய்ந்த கையோடு உள்ளே போனால் முறிந்த கிளை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

எண்ணிக்கை கேட்டால் மூன்று அல்லது நான்கு என்பேன். ஒருவருக்கு ஏதாவது ஆனால் ஒருவர் பக்கத்தில் இருப்பார், இன்னொருவர் வாசலுக்குப் போய் மருத்துவ உதவியாளர்களை அழைத்து வருவார். இருவர் என்றால் வாசலுக்குப் போகும் அந்த வேலைக்கு ஆளில்லை.

உபினுக்கு: சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். வார நாளில் தனியாளாகப் போய்க் காத்திருக்க நேரலாம், அவசரமென்றால் மிச்ச இடங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போகலாம். திரும்பும்போதும் இதே கதை, ஆகவே இருட்டும்வரை தங்காதீர்கள். தீவின் வடகரையில் கைப்பேசி மலேசியக் கட்டமைப்பைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கித் தேர்வை நிறுத்தி, உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கட்டணம் ஒருபக்கம், 995 அழைப்பு அக்கரைக்குப் போய்விடுமோ என்ற குழப்பம் இன்னொரு பக்கம்.

செங்காங் செம்பருத்தி

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை மெக்ரிட்சி, 7.30. அம்மாவுக்கு நேரம் மூன்றும் எழுதிக் கொடுத்தாயிற்று. லேடாங் பற்றி யாரும் சொல்லவில்லையே?

குன்றுநடை

லேடாங்கில் கேள்விக்கே இடமில்லை. 1,276 மீட்டர், பதிவு செய்து வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். கயிறும் ஏணியும் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. ஒரு செங்குத்துப் பகுதிக்கு ஏறுபவர்கள் வைத்த பெயர் கே.எஃப்.சி. கோழி கிடைக்காது, முழங்கால்தான் பொரியும். இடையில் ஒரு படி வேண்டுமென்றால் குளுவாங்கில் குனோங் லம்பாக், 510 மீட்டர். உள்ளூர்க்காரர்கள் வாடிக்கையாக ஏறுவது.

பயிற்சிக்கு உங்கள் அடுக்குமாடி புளோக் படிக்கட்டே போதும். 12 மாடி ஒருமுறை ஏறினால் 30 மீட்டருக்குச் சற்று மேல். முதல் மூன்று வாரம் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குங்கள், பத்துச் சுற்று வரை. நான்காவது வாரத்திலிருந்து நடந்தே இறங்குங்கள், ஆனால் ஐந்து சுற்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். லேடாங்கில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். முதுகுப்பையில் 5 கிலோ அரிசி மூட்டையோடு இருபது சுற்று ஏறி இறங்கி, மறுநாள் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்க முடிந்தால், பதிவு செய்துகொள்ளுங்கள்.