மீடியன் சரியாக வருகிறது, பாயின்டர் சோதனைதான் இடிக்கிறது

வணக்கம் நண்பர்களே, சி பிளஸ் பிளஸில் ஒரு சந்தேகம்.

வெப்பநிலை சென்சாரின் அளவுகள் ஒரு அர்ரேயில் (மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் பட்டியலில்) சேர்கின்றன. 31, 32 என்று வரும்போதே நடுவில் திடீரென 85 வந்து சராசரியைக் கெடுக்கிறது. அதனால் மீடியனுக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்புக்கு, மாறினேன். முழுதாக சார்ட் செய்யாமல், கேட்ட இடத்துக்குரிய மதிப்பை மட்டும் அங்கே வைத்து, அதைவிடப் பெரியதல்லாதவற்றை இடப்பக்கம் தள்ளும் என்த் எலிமென்ட் (nth_element) ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறேன். எண்ணிக்கை 10 என்றால், 5ஆம் இன்டெக்ஸில் (பூஜ்யத்திலிருந்து எண்ணும் இட எண்) நிற்பதையும் அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றில் பெரியதையும் கூட்டிப் பாதியாக்குகிறேன். அதுவரை சரி.

சிக்கல் இங்கே. ஃபங்ஷனுக்கு வருகிற பாயின்டர் (நினைவக முகவரி) என் பஃபருக்குள்தான், அதாவது அந்த அர்ரேக்குள்தான், இருக்கிறதா என்று பார்க்க, தொடக்கத்தைவிடச் சிறியதல்ல, முடிவைவிடச் சிறியது என்று எழுதினேன். வேறு அர்ரேயின் பாயின்டர் வந்தால் இந்த ஒப்பீட்டின் விடைக்கு ஸ்டாண்டர்டில் (மொழியின் அதிகாரபூர்வ விதிகளில்) உத்தரவாதம் இல்லையாம்! என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, அதுதான் பயமே.

ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் எது சிறியது என்று ஒப்பிடும் லெஸ் (std::less) எல்லாப் பாயின்டர்களையும் ஒரே வரிசையில் வைக்கும், சரி. ஆனால் அந்த வரிசையில் வேறு அர்ரேயின் பாயின்டர் என் பஃபருக்கு நடுவே வந்து உட்காராது என்று எங்காவது சொல்லியிருக்கிறதா? ஒவ்வொரு முகவரியாகச் சமமா என்று லூப்பில் பார்ப்பது பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. பேசாமல் பாயின்டரை விட்டுவிட்டு இன்டெக்ஸையே அனுப்பலாமா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?