ஜென்: அரிசியைக் களைவதா, மணலைக் களைவதா?

கால்வாய்க்கரை:
கொழும்பின் மூன்று வருத்தத்துக்கு ஜென், அதாவது மெத்தையில் இருந்து தியானம் செய்யும் பௌத்த மரபு, ஒரே மருந்து என்பது என் வாதம். கால்வாயில் குப்பை, வீட்டில் இடம் கொள்ளாத சாமான், வட்ஸ்அப் குழு எதைத் திறந்தாலும் கட்சிச் சண்டை. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: "இது வேணும், அது வேண்டாம்" என்று மனம் ஓயாமல் பொறுக்கிக்கொண்டிருப்பது. ஜென் மரபின் சீனத்து மூன்றாம் குரு செங்ட்சானின் பெயரில் வழங்கும் பாட்டின் தொடக்கமே, பெருவழி கடினமில்லை, பொறுக்குவதை விட்டால் போதும் என்பதுதான்.

சும்மா சொல்லிவிட்டுப் போகாமல் தியானத்தின் செய்முறையையும் தருகிறேன். மெத்தை கெட்டியாக இருக்க வேணும். இடுப்பு முழங்காலை விட நாலைந்து விரற்கடையாவது உயர்ந்து, இரண்டு முழங்காலும் நிலத்தில் பட வேணும். கண்ணை மூடக்கூடாது, பாதி திறந்து ஒரு மீற்றர் தள்ளி நிலத்தைப் பார்க்கவேணும். வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, திரும்ப ஒன்று. எண்ணிக்கை பதினாறு, பதினேழு என்று போயிருந்தால் நீங்கள் அந்த இடத்தில் இல்லை. கோபப்படாமல் ஒன்றுக்கு வாங்கோ. தொடங்குகிறவருக்கு 10 நிமிடம் காணும். மடங்களில் ஒரு ஊதுபத்தி எரிந்து முடியும் நேரம், ஏறத்தாழ 40 நிமிடம். மெத்தை தாழ்ந்தால் இடுப்பு பின்னுக்குச் சரியும், முதுகு வளையும், நித்திரை வரும். அந்த நித்திரையைச் சமாதி என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் பிழை.

கொட்டாஞ்சேனை13:
மருந்து இருக்கட்டும். அதைக் குடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போமே. 1930களிலும் 40களிலும் ஜப்பானில் இதே மெத்தையில் இருந்து இதே மூச்சை எண்ணின மடங்கள் யுத்தத்துக்கு ஆசி சொன்னன. போர் விமானத்துக்குக் காசும் சேர்த்துக் கொடுத்தன. "நான்" என்று ஒன்று இல்லை என்றால் வெட்டுகிறவனும் இல்லை, வெட்டுப்படுகிறவனும் இல்லை என்ற கதை அவர்களுக்குப் புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே தாகுவான் என்ற ஜென் துறவி வாள் ஆசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கு. சோட்டோ என்ற ஜென் பிரிவு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 1992இல்தான். ரின்சாய் என்ற மற்றப் பிரிவின் மியோஷின்ஜி மடம் 2001 வரைக்கும் இழுத்தது. பக்கம் சாராமல் இருக்கப் பழகினவர் பலமான பக்கத்தோடு சேர்ந்து போகத்தான் பழகுகிறார்.

பூனைக் கதையும் தெரியும்தானே. சீனத்து ஜென் குரு நான்சுவானின் மடத்தில் கிழக்கு மண்டபத் துறவிகளுக்கும் மேற்கு மண்டபத் துறவிகளுக்கும் ஒரு பூனையில் சண்டை. குரு பூனையைத் தூக்கிப் பிடித்து "ஒரு சொல் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் வெட்டுவேன்" என்றார். எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். வெட்டிவிட்டார். நூற்றாண்டுக்கணக்காக எல்லாரும் குருவின் ஞானத்துக்கு உரை எழுதுகிறார்கள். செத்தது பூனை.

கால்வாய்க்கரை:
கதையைப் பாதியில் விட்டால் எப்படி? பின்னேரம் அவரின் சீடர் ஜாவ்சோ வந்ததும் குரு நடந்ததைச் சொன்னார். ஜாவ்சோ ஒரு சொல்லும் பேசாமல் தன் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். "நீ இருந்திருந்தால் பூனை பிழைத்திருக்கும்" என்றார் குரு. கிழக்கா மேற்கா என்ற கேள்வியையே தலைகீழாக்கினவர் பூனையைக் காப்பாற்றியிருப்பார் என்றுதானே அர்த்தம்?

சாமான் விசயத்துக்கு வாறேன். சோட்டோ மடத்தில் ஒருவரின் சாப்பாட்டுச் சாமான் முழுதும் ஒரு துணிப் பொட்டலம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், கரண்டி, குச்சிகள், நுனியில் துணி சுற்றிய துடைக்கும் கோல், ஒரு துவாலை. சாப்பிட்டு முடிகிற நேரம் ஒரு துண்டு ஊறுகாயை மிச்சம் வைத்திருக்க வேணும். சுடுதண்ணி விட்டு அதாலேயே கிண்ணத்தைத் தேய்த்து, தண்ணியைக் குடித்து, கடைசி வாய் தண்ணியைப் பசித்த ஆவிகளுக்கென்று சேர்த்துக் கொடுப்பார்கள். சவர்க்காரம் இல்லை, எறிய மிச்சமும் இல்லை. சோட்டோவை ஜப்பானில் தொடங்கிய டோகன் 1244இல் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில், ஆற்றில் ஓர் அகப்பை தண்ணி எடுத்துப் பாதியைத் திரும்ப ஊற்றுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

(அந்த மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயின் பெயரும் தாகுவான்தான். வாள் கடிதம் எழுதினவரின் பெயரே வந்தது என்பார்கள். கொட்டாஞ்சேனை அண்ணைக்கு இது பிடிக்கும்.)

கொட்டாஞ்சேனை13:
ஊறுகாய் நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் பாதி அகப்பைத் தண்ணியைத் திரும்ப ஊற்றினால் மீதொட்டமுல்ல சரியாமல் விட்டிருக்குமா? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், நகரத்தின் குப்பை மலை அடியில் இருந்த வீடுகளின் மேல் சரிந்து 30க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் வீட்டில் சாமான் கூடியதாலா செத்தார்கள்? மற்ற வட்டாரங்களின் குப்பை அவர்கள் தலைக்கு மேல் குவிந்தது. அதே வருசம் செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்குத் தடை வந்தது. வர்த்தமானியில் வந்தது, மெத்தையில் இருந்து வரவில்லை. அதற்குப் பிறகும் கடையில் பை தருகிறார்கள் என்பது வேறு விசயம்.

அரிக்கன்சட்டி:
இரண்டு பேரும் ஒரே பிழையை ஆளுக்கொரு பக்கத்தால் பிடித்திருக்கிறீங்கள். ஜென் என்றால் எதையும் பிரிக்காதே என்பதுதான் என்று இருவருமே எடுத்துக்கொண்டு, ஒருவர் அது நல்லது என்கிறார், மற்றவர் அது ஆபத்து என்கிறார்.

டோகன் 1237இல் மடத்துச் சமையல்காரருக்கென்று ஒரு நூல் எழுதினார். அரிசி களையும்போது மணலையும் பார், அரிசியையும் பார், ஒரு மணி அரிசியும் போகாமல் பார், களைந்த வெள்ளைத் தண்ணியையும் சும்மா ஊற்றிவிடாதே என்று அதில் இருக்கு. நம்மூர் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்த அம்மம்மாமாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சட்டியின் உட்பக்கம் சுற்றிச் சுற்றி வரி இருக்கும். தண்ணி விட்டுச் சாய்த்து மெல்ல ஆட்டினால் அரிசி தண்ணியோடு மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கனமான கல் வரியில் தங்கும். வேகமாக ஆட்டினால் கல்லும் கூடப் போகும். தண்ணி குறைந்தால் அரிசி நகராது. கடைசியில் கல்லோடு ஒரு பிடி அரிசி தங்கும் பாருங்கோ, அதைத்தான் பொறுமையில்லாதவர் அப்படியே கொட்டுவார். கழனித் தண்ணி மாட்டுக்கோ மரத்துக்கோ போகும்.

டோகன் அதே நூலில் ஒரு பழைய உரையாடலையும் எடுத்துச் சொல்கிறார். சீனத்துக் குரு டொங்ஷானின் மடத்தில் ஷுவெஃபெங் என்ற துறவி சமையல்காரர். குரு கேட்கிறார்: "மணலைக் களைந்து அரிசியை எடுக்கிறாயா, அரிசியைக் களைந்து மணலை எடுக்கிறாயா?" "இரண்டையும் ஒரேயடியாகக் களைந்துவிடுகிறேன்" என்கிறார் இவர். "அப்ப மடம் எதைச் சாப்பிடும்?" உடனே ஷுவெஃபெங் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். டொங்ஷான் கைதட்டவில்லை. உனக்கு ஏற்ற குரு வேறிடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். கால்வாய்க்கரை தம்பியின் "பொறுக்காதே" அந்தக் கவிழ்த்த சட்டிதான்: பார்க்க வீரம், மத்தியானம் பட்டினி.

கொட்டாஞ்சேனை13:
அக்கா, அழகாகத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனால் சட்டியை ஆட்டுகிற கை யாருடையது? எது அரிசி, எது கல் என்று யார் முடிவு எடுத்தது? 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபோது ஆட்டின கைக்கு நாங்கள் கல். 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் எழுதினபோதும் அதே கை. 2004இல் ஒன்பது பிக்குமார் பாராளுமன்றம் போனார்கள். அது இலங்கையின் பௌத்த மரபான தேரவாதம், ஜென் இல்லை, தெரியும். காவி உடுத்தால் பக்கம் இல்லாமல் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அரிக்கன்சட்டி:
அந்தக் கேள்விக்கு உச்சியாமா குடோவைத்தான் காட்டலாம். சோட்டோ துறவி, ஏழைக் குத்தகைக் கமக்காரர் நடுவே இருந்த மடம். மடத்துக்குள்ளேயே இரகசியமாக அச்சடித்து, குத்தகை கட்டாதே, படைக்குப் போகாதே என்று துண்டுப்பிரசுரம் அனுப்பினார். 1909இல் பிடித்தார்கள், 1910இல் சோட்டோ பிரிவு அவரைத் துறவியர் பட்டியலில் இருந்து நீக்கியது, 1911இல் தூக்கு. திரும்பச் சேர்த்தது 1993இல். அவரும் அதே மெத்தையில் இருந்தவர்தான். பக்கம் எடுத்தார். மடம்தான் அப்போது "பக்கம் சாராமல்" அரசோடு நின்றது. ஆகவே பிழை மெத்தையில் இல்லை, அண்ணை. அதை எந்தக் கூரைக்குக் கீழே போட்டிருக்கு என்பதில் இருக்கு.

கொழும்பிலும் ஒன்று சொல்லலாம். 2022 மே 18, காலி முகத்திடல் போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி கொடுத்தார்கள். சிங்களவரும் வாங்கிக் குடித்தார்கள். கிழக்கு மண்டபமும் மேற்கு மண்டபமும் அதோடு ஒன்றாகிவிடவில்லை.

கொட்டாஞ்சேனை13:
குடோ விசயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 82 வருசம் பிந்தி வந்த நீதி. அந்தக் கணக்கில் எங்களுக்கு எப்போது முறை வரும் என்று பார்க்கிறேன்.

பல்கணிமணல்:
இடையில் ஒரு சின்னக் கேள்வி. பிளாட் பல்கணியில் ஜென் தோட்டம் வைக்கலாமா? மணல், நாலு கல், ஒரு கல் தொட்டியில் தண்ணி. முழு செட்டாக விற்கிறார்கள்.

கால்வாய்க்கரை:
கியோட்டோவில் ரியோவான்ஜி மடத்துத் தோட்டத்தைப் பார்த்த மாதிரி என்கிறீங்கள். அங்கே ஏறத்தாழ 25 மீற்றருக்கு 10 மீற்றர் இடம், 15 கல், விறாந்தையில் எங்கே இருந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். விரித்திருப்பது மணல் இல்லை, வெள்ளைச் சரளை. பல்கணிக்குச் சொல்கிறேன்: 5 சென்ரிமீற்றர் தடிப்பில் ஈர மணல் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. கட்டடப் பொறியியலாளரைக் கேட்காமல் கொட்டவேண்டாம். கடல் மணலில் உப்பு, கொங்கிறீற்றுக் கம்பியைத் தின்னும். ஆற்று மணல் என்றால் எங்கோ ஒரு கரை இடிகிறது. மாலை மழை ஒன்று அடித்தால் கோடு அழிந்து, மணல் குழாய் வளைவில் போய் அடைக்கும். கட்டாயம் வேணும் என்றால் ஒரு தட்டில் 5 முதல் 10 மில்லிமீற்றர் கருங்கல் சிப்ஸ். ஈரத்தில் பாசி பிடிக்கும், அடிக்கடி கழுவ வேணும்.

கொட்டாஞ்சேனை13:
ரியோவான்ஜியின் கல் தண்ணித்தொட்டியில் என்ன எழுத்து வெட்டியிருக்கு என்றும் சொல்லுங்கோ.

கால்வாய்க்கரை:
"போதும் என்று மட்டும் அறிவேன்."

கொட்டாஞ்சேனை13:
அதைத்தான் இங்கே செட்டாக விற்கிறார்கள்.

பல்கணிமணல்:
சரி, மணல் வேண்டாம். தொட்டி மட்டும்?

அரிக்கன்சட்டி:
தம்பி, கொழும்பில் தேங்கின தண்ணி என்றால் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணிக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டும். தண்ணியை மட்டும் ஊற்றினால் முட்டை சுவரிலேயே காய்ந்து மாதக்கணக்கில் இருந்து, திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். முட்டையில் இருந்து நுளம்பு ஆக ஏழு முதல் பத்து நாள். வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொண்டு தும்பு பிரஷால் உட்சுவரைச் சுற்றித் தேய்க்க வேணும், விளிம்பு வரைக்கும்.

பல்கணிமணல்:
புழுவைக் கொல்வது சீலத்துக்கு, பௌத்த ஒழுக்க விதிக்கு, விரோதம் இல்லையா?

அரிக்கன்சட்டி:
தண்ணி தேங்காவிட்டால் புழுவே வராது. தேய்த்து முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வையுங்கோ. அந்தக் கவிழ்ப்புக்கு டொங்ஷானும் ஒன்றும் சொல்லமாட்டார்.