இவ்வளவு பெரிய விஞ்ஞானி ஏன் இப்படிப் பேசுகிறார்? அம்மாவிடம் என்ன சொல்வது?

பாளைக்காரன்:
அம்மாவுக்குப் பல வருஷமாக சுகர். மாத்திரையில் கட்டுக்குள்தான் இருந்தது. போன மாதம் யாரோ சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஒரு விஞ்ஞானியின் பேச்சை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். பெயர் வேண்டாம். அவர் துறையில் நிஜமாகவே பெரிய ஆள், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நானே அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் சுகர் என்று ஒரு நோயே கிடையாது, மருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிட்டது, சிறுகுறிஞ்சான் பொடி போதும் என்கிறார். அம்மா மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். அட்டைகள் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன, காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் பொடி. நான் வாயைத் திறந்தால் "அவர விட நீ பெரிய படிப்பு படிச்சிட்டியால?" என்கிறார்.

அவர் காசுக்காகப் பேசுகிறவரும் இல்லை, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு விஷயத்தில் அவ்வளவு கூர்மையாக இருக்கும் மூளை இன்னொன்றில் எப்படி இப்படி ஆகிறது?

தென்பொதிகை:
தம்பி, அமெரிக்க வேதியியல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் கதையைப் படியுங்கள். யாரோடும் பங்கு போடாமல் 2 நோபல் பரிசு வாங்கிய ஒரே மனிதர். 1954-ல் வேதியியல், அப்புறம் 1962-ம் ஆண்டுக்கான அமைதிப் பரிசு. அவர்தான் 1970-ல் சளிக்கு வைட்டமின் சி என்று புத்தகம் எழுதி, பிறகு புற்றுநோய்க்கும் அதுவே என்று போனார். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மில்லிகிராமே தாராளமாகப் போதுமான சத்து, அவர் கிராம் கணக்கில் சாப்பிட்டார். மேயோ கிளினிக்கில் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வைட்டமின் சி, இன்னொரு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1979-லும் 1985-லும் முடிவு வெளியானது, பலன் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஏற்கவில்லை, சோதனை நடத்திய விதமே தப்பு என்றார். 1994-ல் சாகும்வரை கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் இதே பாலிங் 1953 பிப்ரவரியில் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழை என்று கட்டுரை போட்டார், அதுவும் தப்பு. ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய் வாட்சனும் கிரிக்கும் செய்த இரட்டை இழை மாதிரியைப் பார்த்தார், அவர்கள் சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். அதே மூளைதானே! அங்கே 2 மாதத்தில் இறங்கி வந்தவர் இங்கே 20 வருஷத்துக்கு மேல் இறங்கவில்லை. வேதியியலில் அவருக்குச் சமமானவர்கள் சுற்றி இருந்தார்கள், அவர்கள் சொன்னால் அவர் கேட்டாக வேண்டியிருந்தது. மருத்துவத்தில் டாக்டர்கள் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, கைதட்டுகிற கூட்டமோ பெரிதாக இருந்தது. ஒருவரைக் கூர்மையாக வைத்திருப்பதில் பாதி அவர் மூளை, மீதி அவரை மறுத்துப் பேசுகிற ஆட்கள் என்பது என் எண்ணம். உங்கள் விஞ்ஞானிக்கு இப்போது எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? மேடையில் சால்வை போடுகிறவர்கள்தான் இருப்பார்கள்.

சங்கரன்கோவில் வாத்தியார்:
அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ராஜபாளையம் பக்கம் நடந்ததுதான். 1996-ல் ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோல் என்று கிளம்பியபோது மந்திரிகள் முதல் விஞ்ஞானிகள் வரை எத்தனை பேர் நம்பினார்கள்! தண்ணீரில் இலையைப் போட்டு, கொதிக்கவைத்து, கலக்கிக் காட்டினார், எரிந்தது. கலக்குகிற குச்சிக்குள் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்தார் என்று அப்புறம் வெளியே வந்தது. டொலுவீன், நாப்தா மாதிரிப் பெட்ரோலியச் சரக்குகளைக் கலந்து விற்றார் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டு, 2016-ல் சென்னை நீதிமன்றம் 3 வருஷம் சிறை விதித்தது.

பார்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பொருள் தப்பான அளவு காட்டலாம், குழப்பலாம், ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றாது. அதனோடேயே பழகினவருக்குக் கையில் இருக்கிற குச்சியைச் சந்தேகப்படத் தோன்றாது. ஒரு மேஜிக்காரர் நின்றிருந்தால் முதலில் அந்தக் குச்சியைத்தான் வாங்கிப் பார்த்திருப்பார். படிப்பு பெரிதாக இருந்தும் தேவையான படிப்பு அதுவாக இல்லை.

மேலப்பாளையம் 5:
அண்ணாச்சிகள் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. தன் துறைக்குள் இருந்தால் சரியாகப் பேசுவார், வெளியே போனால் உளறுவார் என்று கோடு போட முடியாது. 1982-ல் ஷெக்ட்மேன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த குவாசி படிகத்தை (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வராத படிகம்) அதே பாலிங் கடைசிவரை எதிர்த்தார், அது அவருடைய சொந்தத் துறை, சுற்றி சமமானவர்களும் இருந்தார்கள். ஷெக்ட்மேனுக்கு 2011-ல் நோபல் கொடுத்தார்கள். இன்னொன்று, ஊரே மறுத்த ஆள் சரியாகவும் இருக்கலாம். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் சொன்னபோது பெரிய டாக்டர்களே நம்பவில்லை. 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார், 2005-ல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். அதனால் "துறைக்கு வெளியே பேசுகிறார்" என்று சொல்லி மட்டும் ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது.

பாளைக்காரன்:
அப்படியானால் மார்ஷலையும் எங்கள் விஞ்ஞானியையும் எதை வைத்துப் பிரிப்பது? அம்மாவும் இதையேதான் கேட்பார்.

தென்பொதிகை:
மேலப்பாளையத்துக்காரர் பிடித்தது நல்ல பிடி, ஷெக்ட்மேன் விஷயம் நான் சொன்னதில் உதைக்கத்தான் செய்கிறது. இப்படிப் பாருங்கள். மார்ஷல் குடித்ததோடு நிற்கவில்லை. தன் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார், சதைத் துணுக்கை எடுத்துக் கிருமி இருப்பதைக் காட்டினார், ஆன்டிபயாடிக் கொடுத்தால் புண் திரும்ப வருவது குறைகிறது என்று அவரைப் பிடிக்காதவர்களும் செய்து பார்த்துவிட்டார்கள். தான் தப்பாக இருந்தால் எப்படித் தெரியும் என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. மாத்திரையை விட்ட எத்தனை பேருக்கு சுகர் ஏறியது, யாருக்குக் கண் போனது என்று உங்கள் விஞ்ஞானி யாரையாவது எண்ணிப் பார்த்தாரா? பேச்சில் அதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹைகிரவுண்ட் சிஸ்டர்:
தம்பி, நான் சுகர் நோயாளிகளோடேயே வேலை பார்க்கிறவள். இந்த வாக்குவாதத்தை அம்மாவிடம் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் அவரைக் குறை சொல்லச் சொல்ல அம்மா அவர் பக்கம்தான் போவார்கள். "அவர் சொன்னது நமக்கு ஒத்து வருதான்னு பார்ப்போம்மா" என்று சொல்லி நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சுகர் டெஸ்ட், சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒன்று, கூடவே எச்பிஏ1சி என்ற ரத்த டெஸ்ட்டும் எடுங்கள். அது கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும். அம்மா மாத்திரையை விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் அதில் முழுசாகத் தெரியாது, மற்ற இரண்டிலும் தெரிந்துவிடும். பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து அம்மாவையே படிக்கச் சொல்லுங்கள்.

சுகர் ஏறினால் உடனே வலிக்காது, அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். உள்ளே கண், கிட்னி, கால் நரம்பு மெதுவாகக் கெட்டுக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள், பழைய மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். பொடி சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள், சிறுகுறிஞ்சானும் ஓரளவு சுகரைக் குறைக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் ரொம்ப இறங்கிவிடலாம். இன்று ராத்திரியே அம்மாவின் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓயாத தாகம், வாந்தி, அசதி, பேச்சில் தடுமாற்றம் இதில் எது இருந்தாலும் டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள்.