பிஜிஎஸ் கவுந்ததுக்கு காரணம் கப்பலா, கடனா?

ஆழ்கடல்ராஜா:
1991-ல நார்வேல ஆரம்பிச்ச பிஜிஎஸ், 2024 ஜூலை 1-ல டிஜிஎஸ்ஸோட இணைஞ்சு முடிஞ்சுபோச்சு. தெரியாதவங்களுக்கு, கடலடியில எண்ணெய் எங்க இருக்குன்னு ஒலி அலைய அனுப்பி படம் எடுக்கறதுதான் இவங்க தொழில். என்னைக் கேட்டா சொந்தக் கப்பல் மோகம்தான் அவங்கள கவுத்துச்சு. சர்வே டேட்டாவ வித்தே வளந்த டிஜிஎஸ், ரொம்ப வருஷம் கப்பல வாடகைக்குத்தான் எடுத்தாங்க, கடைசில யாரு யார வாங்கினாங்கன்னு பாருங்க.

தெற்குக்காத்து:
அண்ணே, மோகம்னு ஒரே வார்த்தைல முடிக்காதீங்க. பிஜிஎஸ்ஸோட ராம்ஃபார்ம் டைட்டன் கப்பல் 2013-ல நாகசாகில மிட்சுபிஷி கட்டுனது, நீளம் 104 மீட்டர், பின்பக்க அகலமே 70 மீட்டர், மேலருந்து பாத்தா முக்கோணமா இருக்கும். திரும்பி வர்ற ஒலியப் பிடிக்க கப்பலுக்குப் பின்னால இழுக்கற கேபிள்தான் ஸ்ட்ரீமர், அப்படி 24 கேபிளச் சுத்தி வைக்க டிரம் இருக்கு. அத்தன கேபிள விரிச்சு இழுத்தா ஒரே ஓட்டத்துல எவ்ளோ பரப்பு முடியும்னு யோசிங்க. நான் வேற ஒரு கம்பெனி கப்பல்ல வேல பாத்தவன், கிலோமீட்டர் கணக்குல நீளமான கேபிள்ல பார்னக்கிள்ங்கற ஓட்டு உயிரி அப்பிக்கும், சின்ன போட்டுல போய் கேபிளத் தூக்கி சுரண்டணும், அலை கொஞ்சம் ஏறுனா போட்ட எறக்க விடமாட்டாங்க, வேல நிக்கும் ஆனா கப்பல் செலவு நிக்காது. இப்படி அகலமா, ஆடாத கப்பல்னா அதோட அருமை அங்க நின்னவனுக்குத்தான் தெரியும்.

வட்டிக்கணக்கு:
ரெண்டு பேரும் 2003-ஐ விட்டுட்டீங்களே. அந்த ஜூலைல அமெரிக்காவுல சாப்டர் 11 திவால் மனு போட்டாங்க, நவம்பர்ல வெளிய வந்தப்ப பெரும்பங்கு கடன் கொடுத்தவங்க கைல. அந்தக் கடன் வெறும் சர்வே கப்பலால வந்தது இல்ல, 98-ல பெட்ரோயார்ல் மாதிரி எண்ணெய் எடுக்கற மிதக்கும் கப்பல் பிசினஸ்ல எறங்கினதுக்கும் அதுல பெரிய பங்கு. 2006-ல அதத் தனியா பிரிச்சு விட்டாங்க.

ஆழ்கடல்ராஜா:
சரி, அப்புறமாவது பாடம் படிச்சாங்களா? பேரல் 100 டாலருக்கு மேல இருந்தப்ப டைட்டன் வரிசைல நாலு கப்பலுக்கு ஆர்டர். கடைசி ரெண்டு, டெதிஸும் ஹைப்பீரியனும், 2016லயும் 2017லயும் கைக்கு வருது. 2016 ஜனவரில விலை 30 டாலருக்குக் கீழ! எண்ணெய் கம்பெனி செலவக் குறைக்கணும்னா மொதல்ல கை வைக்கறது புது எடம் தேடற பட்ஜெட்லதான்.

தெற்குக்காத்து:
அந்த அடி எல்லாருக்கும்தான் விழுந்துச்சு, டால்ஃபின்ங்கற சர்வே கம்பெனி 2015 டிசம்பர்லயே திவால், போலார்கஸோட கப்பல 2021-ல பேங்க்காரங்க எடுத்துக்கிட்டாங்க, ஸ்லம்பெர்ஷே 2018-ல அவங்க கடல் சர்வே கப்பல ஷியர்வாட்டருக்கு வித்துட்டு வெளியேறிட்டாங்க. பிஜிஎஸ் 2024 வரைக்கும் தாக்குப்பிடிச்சதே பெரிய விஷயம். 2007-ல வந்த பிஜிஎஸ்ஸோட புது மாதிரி கேபிள் ஜியோஸ்ட்ரீமரயும் சேத்துக்கோங்க. கீழருந்து வர்ற அலை கடல் மேல்மட்டத்துல மோதி திரும்ப எறங்கி டேட்டாவக் கெடுக்கும், இவங்க அழுத்தத்தோட சேத்து அசைவையும் அளந்து மேல போறது எது கீழ வர்றது எதுன்னு பிரிச்சாங்க. அதனால கேபிள இன்னும் ஆழமா இழுக்கலாம், அலை இரைச்சலும் கம்மி. கப்பல் சுமைன்னா டிஜிஎஸ் எதுக்கு அதோட சேத்து வாங்கணும்?

வட்டிக்கணக்கு:
விலை எறங்கினதால வாங்கினாங்க தம்பி. இணைஞ்ச கம்பெனில பிஜிஎஸ் பங்குதாரருக்கு வந்தது தோராயமா மூணுல ஒண்ணு. அத நாலு டைட்டனோட, அத்தன வருஷ டேட்டாவோட வச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க யாருக்கு லாபம்னு.