மறு: குதிரைச் சிலைக்கு ஆளுக்கு 100 யூரோ

அயர்லாந்தின் பாலினஸ்லோ ஊர்ச் சொந்தங்களே,

டன்லோ தெரு அண்ணன் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். நம் ஊர் ஃபேர் கிரீன் திடலில் நெப்போலியனின் மாரெங்கோ குதிரைக்கு வெண்கலச் சிலையாம், அக்டோபர் குதிரைச் சந்தைக்குள் பணம் வந்துவிட வேண்டுமாம். சரி. பேண்ட் வாத்தியத்துக்கென்று போன தடவை வசூலித்தீர்களே, அதில் மிச்சம் எவ்வளவு, யார் பெயரில் கிடக்கிறது? பாஸ்டன் அக்கா கேட்டதற்கு "அடுத்த மடலில்" என்றீர்கள். இதுதானே அந்த அடுத்த மடல்?

குதிரை விஷயத்துக்கு வருகிறேன். மாரெங்கோவை நம் சந்தையில்தான் வாங்கினார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கார்க் பக்கம் கஹிர்மீ சந்தைக்காரர்களும் அதே குதிரைக்கு உரிமை கொண்டாடுகிறார்களே! எகிப்திலிருந்து வந்த அரபுக் குதிரை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதன் எலும்புக்கூடு லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள். பப்பில் அளப்பது வேறு, வெண்கலத்தில் வார்ப்பது வேறு.

நிஜப் பெருமைக்கு நமக்கு என்ன குறை? மேற்கே கன்னாட் மாகாணத்தில் வளர்ந்த ஆடும் மாடும் கிழக்கே லென்ஸ்டர் மாகாண மேய்ச்சல்காரர்களுக்குக் கைமாறிய இடம் நம் ஊர். 1828இல் கால்வாய் வந்தது, கின்னஸ் பியர் பீப்பாய்கள் படகேறி வந்தன. 1851இல் ரயில். டப்ளினிலிருந்து நெடுஞ்சாலையில் கோல்வே நகருக்குப் போகிற வண்டிகளெல்லாம் நம் தெரு வழியாக ஊர்ந்துதான் போகும், 2009இல் எம்6 நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் வரை. போன மாதம் போய் வந்த என் அக்கா மகள், பூட்டிய கடைகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். குதிரைச் சிலை வைத்தால் அந்தக் கதவுகள் திறந்துவிடுமா அண்ணா?

அப்புறம், சுற்றறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. 1833இல் திறந்து 2013இல் மூடிய மனநல மருத்துவமனை. 1950களில் உள்ளே இருந்தவர்கள் 2,000 பேருக்கு மேல், ஊர் ஜனத்தொகையே ஐயாயிரத்துச் சொச்சம்தான். நம்மில் எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது அங்கே வேலை பார்த்த சம்பளத்தில்? எத்தனை வீட்டில் ஒரு சித்தியையோ பெரியப்பாவையோ அங்கே விட்டுவிட்டு, பிறகு பேச்சே எடுக்காமல் இருந்தோம்? பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெயர்களைத் தேடி எடுத்துக் கல்லில் வெட்ட வேண்டும் என்றால் 100 அல்ல, 300 தருகிறேன்.

பெர்த் தம்பி, "பழசைக் கிளறாதீர்கள்" என்று நீ எழுதுவாய் என்று தெரியும். கிளறுகிறேன். சந்தையில் என் அப்பா உன் அப்பாவிடம் பழுப்புப் பெண்குதிரை ஒன்றை வாங்கினார். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு விலகிப் போக, தரகர் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தார். உள்ளங்கையில் துப்பி ஓங்கி அறைந்து விலை முடிந்தது. விற்றவர் வாங்கியவருக்குக் கொஞ்சம் திருப்பித் தருவது முறை, லக் பென்னி. அதை உன் அப்பா இன்று வரை தரவில்லை. குதிரைக்கு வலது பின்காலில் குறை இருந்ததையும் சொல்லவில்லை. என் அம்மா கடைசி வரை உங்கள் வீட்டு வாசல் மிதிக்காததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. மதம், கட்சி என்று நீங்களாகக் கதை கட்டாதீர்கள்.

அண்ணா, வங்கிக் கணக்கின் நகலை இந்த மடற்குழுவிலேயே எல்லாரும் பார்க்கும்படி போடுங்கள். எனக்குத் தனிமடல் வேண்டாம்.