சுரங்க வேலைக்கு ஆள் எடுக்க எந்த வேலைவாய்ப்புத் தளம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கருங்கல்:
திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். விளம்பரம் போட எந்தத் தளம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் "அங்கே போடுங்க, விண்ணப்பம் குவியும்" என்கிறார்கள். குவிந்தால் போதுமா? போன முறை டம்பர் (மண், தாது அள்ளிச் செல்லும் ராட்சத லாரி) ஆபரேட்டர் வேண்டும் என்று ஒரு பெரிய பொதுத் தளத்தில் போட்டோம். முதல் நாளே நிரம்பி வழிந்தது. திறந்து பார்த்தால் நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள், டெலிவரி வேன் ஓட்டுபவர்கள், எந்த வேலை என்றாலும் சரி என்று எழுதியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரே பொத்தானில் விண்ணப்பிக்கலாம் என்றால் யாரும் அழுத்தத்தான் செய்வார்கள். ஆனால் கேட்டர்பில்லர் 797எஃப் மாதிரி வண்டி ஒரு நடைக்கு சுமார் 363 டன் சுமக்கிறது. லாரி உரிமத்தைப் பார்த்து ஒருவரை அதில் ஏற்றிவிட முடியாது.

அதனால் இப்போதெல்லாம் தளத்துக்காரர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: விண்ணப்பப் படிவத்தில் எங்கள் கேள்விகளைச் சேர்க்க விடுவீர்களா? எந்த வண்டி, எந்த மாடல், திறந்தவெளியா நிலத்தடியா, கடைசியாக எப்போது ஓட்டினார். இவற்றுக்குப் பதில் போடாமல் விண்ணப்பம் அனுப்பவே முடியக் கூடாது. அப்படி ஒரு தளத்தில் போட்டபோது வந்தவை மிகக் குறைவு. மேலாளர் முகம் சுளித்தார். ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறைவான கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள்.

மட்டக்கோல்:
ஆபரேட்டர்களுக்கு இது சரி. ஜியாலஜிஸ்ட், மெட்டலர்ஜிஸ்ட் (உலோகவியலாளர்), சுரங்கத் திட்டப் பொறியாளர் என்றால் கதையே வேறு. இவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு சுரங்கத்தில் இருப்பவர்கள். தினமும் வேலை தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், நாம்தான் தேடிப் போக வேண்டும். சர்பேக், டெஸ்விக், வல்கன் என்று அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயரைப் போட்டு லிங்க்ட்இன்னில் தேடினால் ஆள் கிடைக்கிறார்கள். சுரங்கத் துறைக்கு மட்டுமான தளங்களும் இந்தப் பதவிகளுக்குத்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேலைகளுக்கு அங்கே போட்டதில் ஒன்றும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. சுரங்கத் துறைத் தளம் என்று பலகை மாட்டியிருப்பார்கள், உள்ளே மற்ற தளங்களிலிருந்து அள்ளிக் கொட்டிய விளம்பரங்களாக இருக்கும். பணம் கட்டும் முன் வேலை தேடுபவர் மாதிரி நீங்களே உள்ளே போய்த் தேடிப் பாருங்கள். விளம்பரத் தேதிகளைப் பாருங்கள், நிரம்பிப் போன வேலைகள் இன்னும் தொங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படி ஒரு தளத்தின் விற்பனை ஆளிடம், "நிலத்தடி மேற்பார்வைச் சான்றிதழ் உள்ளவர்கள் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள்?" என்று கேட்டேன். மொத்தப் பதிவு எண்ணிக்கையையே திரும்பத் திரும்பச் சொன்னார். சரி, வணக்கம் என்று வைத்துவிட்டேன்.

இரவுஷிப்ட்:
நான் மறுபக்கத்து ஆள், எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர். கேம்ப்பில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்றுகொண்டு போனில்தான் விண்ணப்பிக்கிறோம். ரெஸ்யூமையும் ஏற்றச் சொல்லி, அதிலுள்ளதையே மறுபடி கட்டம் கட்டமாக நிரப்பவும் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. பாதியில் சிக்னல் போனால் எல்லாம் அழிந்துவிடும். நல்ல ஆபரேட்டர் அங்கேயே விட்டுவிடுவான். கருங்கல் சார், உங்கள் கேள்விகள் வேண்டியவைதான், ஆனால் அவற்றைப் போனில் ஒரு நிமிடத்தில் முடிக்கும்படி வையுங்கள்.

அப்புறம், ரோஸ்டர் (எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் வீடு என்ற சுழற்சி) போடாத விளம்பரத்தை எங்கள் ஆட்கள் தொடுவதே இல்லை. இரண்டு வாரம் வேலை ஒரு வாரம் வீடா, எட்டு நாள் ஆறு நாளா, தங்குமிடம் உண்டா, வந்து போகும் செலவு யாருடையது? "கவர்ச்சியான சம்பளம்" என்பதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

போலி விளம்பரம் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற ஒரு சுரங்க நிறுவனத்தின் பெயரில் வந்த விளம்பரத்தை நம்பி நண்பர் ஒருவர் விண்ணப்பித்தார். மருத்துவப் பரிசோதனைக்கு முன்பணம் கேட்டார்கள், மின்னஞ்சல் முகவரியோ இலவசக் கணக்கு. தளத்துக்குப் புகார் அனுப்பினோம், விளம்பரம் நாள் கணக்கில் அப்படியே இருந்தது. தொழிலாளியிடம் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆவது உடன்படிக்கையிலேயே பொது விதியாக இருக்கிறது. விளம்பரம் கொடுப்பவர் யார் என்று சரிபார்க்காத தளத்தில் நல்ல நிறுவனம் போட்டாலும் எங்களுக்குச் சந்தேகம்தான் வருகிறது.

தலைவிளக்கு:
பாதுகாப்புப் பிரிவிலிருந்து. பல தளங்களில் சான்றிதழுக்கு "உண்டு / இல்லை" என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. சுரங்கத்துக்கு அது எதற்கும் உதவாது. இந்தியாவில் டிஜிஎம்எஸ் (சுரங்கப் பாதுகாப்புக்கான மத்திய அரசு இயக்ககம்) கொடுக்கும் மேலாளர் சான்றிதழில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் வகை ஒன்று உண்டு, அதை வைத்திருப்பவரை நிலத்தடிக்கு எடுக்க முடியாது. அமெரிக்காவில் சுரங்கப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எம்எஸ்எச்ஏவின் 48ஆம் பகுதி விதிப்படி நிலத்தடிக்குப் புதிதாக வருபவருக்கு 40 மணி நேரப் பயிற்சி, மேற்பரப்புச் சுரங்கத்துக்கு 24 மணி நேரம், அதன்பின் ஆண்டுதோறும் 8 மணி நேரம். ஆக எந்த வகை, எந்த நாடு கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தேட முடிகிற தளமாக இருக்க வேண்டும். முதல் கட்டத்திலேயே பாஸ்போர்ட், சான்றிதழ் நகல்களை ஏற்றச் சொல்லாதீர்கள். எண்ணும் தேதியும் போதும், மீதியை நேர்முகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கருங்கல்:
ரோஸ்டரைத் தலைப்பிலேயே போட்டுவிடுகிறேன். இன்னொரு சந்தேகம். கிளிக்குக்குக் காசு வாங்கும் தளம் நல்லதா, விளம்பரத்துக்கு மொத்தமாக வாங்குவதா?

மட்டக்கோல்:
ஆபரேட்டர் வேலைக்குக் கிளிக் கணக்கில் போனால், பொருந்தாதவர்கள் எட்டிப் பார்ப்பதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் மொத்தக் கட்டணத்துக்கு மாறிவிட்டோம். எது எடுத்தாலும், வேலையில் சேர்ந்தவர் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு ரோஸ்டர் சுற்று முடிந்து திரும்பி வந்தாரா என்பதையும் அதிலேயே குறியுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேசும்போது அந்தத் தாளைக் காட்டித்தான் நான் விலையைக் குறைத்தேன்.